பதினேழாவது பெயர்

என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தக் கை கோழிக் கிறுக்கலாகக் கிறுக்கியிருந்தால் என்னிடம் யாரும் பட்டியல் எழுதச் சொல்லியிருக்க மாட்டார்கள். என் அண்ணனும் பிழைத்திருப்பான்.

நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். ஆந்திரம் தனி மாநிலமாகி, சித்தூர் ஜில்லா மொத்தமும் அந்தப் பக்கம் போனபோது, எங்கள் ஊரை மெட்ராஸோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கமிட்டி போட்டோம். தலைவர் ரைஸ் மில் முதலாளி. மனு எழுதுவது, பட்டியல் எழுதுவது எல்லாம் என் தலையில். "வாத்தியாரே, உன் எழுத்த பாத்தாலே டெல்லிக்காரன் மனசு எறங்கிடும்" என்பார். அந்தப் பேச்சில் நான் மயங்கித்தான் போனேன். வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தும், பள்ளிக்கூடம் விட்டதும் சட்டையைக்கூட மாற்றாமல் வீடு வீடாகப் போவேன்.

எனக்கு ஒரே அண்ணன். கொழும்பில் ஒரு சாப்பாட்டு ஹோட்டலில் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். நைனா செத்த வருஷம் பாகப்பிரிவினை எழுதினோம். வீடு எனக்கு, மேட்டு நிலம் அவனுக்கு. நிலத்தை விற்றுத்தான் கப்பலுக்குப் பணம் கட்டினான். "இந்த வூட்ல எனக்கு ஒரு செங்கல் கூட வாணாம்டா, அம்மாவ மட்டும் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, அண்ணியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனான். வருஷம் ஒரு தரம் ஒரு வாரம் லீவில் வருவான். தங்குவது புத்தூரில் மாமியார் வீட்டில். எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வந்து, அம்மா கையால் தின்றுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் போய்விடுவான். அவன் படுத்திருந்த அறையில் நான் வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கொழும்பில் அவனுக்குத் தற்காலிக பர்மிட்தான். ஒவ்வொரு தரமும் நீட்டிக்க வேண்டும். "பதினோரு வருசமா அங்க டெம்பரவரிடா நானு" என்று சிரிப்பான். ஒரு தரம் நீட்டிக்கவில்லை. மூட்டை முடிச்சோடு மூன்று பேரும் புத்தூருக்கே வந்து சேர்ந்தார்கள். சேர்த்து வைத்திருந்த பணத்தை முறைப்படி பாங்கி மூலமாகக் கொண்டு வந்தான். திருப்பதி ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சின்ன ஹோட்டலை வாடகைக்குப் பேசி முடித்திருந்தான். யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு இட்லி போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம், மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் போடலாம் என்பதுதான் அவன் நினைப்பு. அவனிடம் இருந்ததெல்லாம் அந்தப் பணம் ஒன்றுதான். அதை விட்டால் திரும்பிப் போகவும் இடமில்லை.

வெளிநாட்டுப் பணத்துக்கு வருமான வரி உண்டு என்று யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள். வேறொருவனாக இருந்தால் மூச்சு விடாமல் இருந்திருப்பான். இவன் அசட்டு நேர்மைக்காரன். ஒருவரும் கேட்காமலே சித்தூருக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தான். அவர் சொன்னதை அப்படியே வந்து என்னிடம் சொன்னான். வருஷத்தில் பாதி நாள் இங்கே இருந்திருந்தால் ஊர்வாசி. இல்லாவிட்டாலும், இங்கே அவனுக்கென்று ஒரு வீட்டை வைத்துக்கொண்டு, அந்த வருஷத்தில் ஒரே ஒரு நாள் வந்து தலையைக் காட்டியிருந்தால் அப்போதும் ஊர்வாசிதான். ஊர்வாசி கொண்டுவரும் பணத்துக்கு வரி. "உங்களுக்குன்னு இங்க வூடு கீதா?" என்று வக்கீல் கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறான். "அப்ப ஏன் பயப்படறீங்க? இல்லன்னு எழுதிக் குடுங்க, போதும்."

வரி ஆபீஸில் அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டு வந்திருந்தான். இதையெல்லாம் அவன் சொன்னபோது நான் பாதிக் காதில்தான் வாங்கினேன். என் மடியில் ஊர்ப் பட்டியல் இருந்தது. மறுநாளைக்குள் பெயர்களை எழுதி முடிக்க வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்தார்.

அந்தப் பட்டியலுக்குத் தலைப்பு: 'இவ்வூரின் நிரந்தரவாசிகளாகிய தமிழ்க் குடிகள்'. எத்தனை பேர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, ஒரு தலை குறைந்தாலும் அந்தப் பக்கத்துக்காரன் ஜெயித்துவிடுவான் என்று தலைவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆகவே பெங்களூர் மில்லுக்குப் போனவர்களை எழுதினேன். மெட்ராஸில் குடியேறிவிட்டவர்களை எழுதினேன். செத்துப்போன இரண்டு பேரையும் எழுதினேன். பதினேழாவதாக என் அண்ணன் பெயரை எழுதி, நேரே எங்கள் வீட்டு இலக்கத்தைப் போட்டேன். கை கொஞ்சம்கூடக் கூசவில்லை. சொந்த அண்ணனை விட்டுவிட்டு ஊரான் பெயரை எழுதினால் நன்றாக இருக்குமா என்றுதான் அப்போது தோன்றியது.

பட்டியல் மட்டும் போதாது. சர்க்காரிலிருந்து ஆள் வந்து வீட்டு வாசலில் விசாரிப்பான், அப்போது ஆளாளுக்கு உளறிக் கொட்டக் கூடாது என்று ஊர் முழுக்கப் பாடம் நடத்தினேன். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மாதிரி பெரியவர்களுக்கும் நாலு பதில்களைச் சொல்லிக்கொடுத்தேன். யாராவது ஊரை விட்டுப் போய்விட்டார்களா என்றால், யாரும் போகவில்லை, வேலையாகப் போயிருக்கிறான், வந்துவிடுவான். அவனுக்கு இங்கே வீடு இருக்கிறதா என்றால், இதுதான் அவன் வீடு. எங்கே படுப்பான் என்றால், ஒரு அறையைக் காட்டு. என்ன பேசுகிறீர்கள் என்றால், தமிழ். அம்மாவுக்குத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான்.

அந்த ஆள் வந்த அன்று நான் ஊரில் இல்லை. கமிட்டியோடு சித்தூருக்கு மனு கொடுக்கப் போயிருந்தேன். வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஜீப்புல வந்தாருடா ஒரு ஆபீசரு! நீ சொன்ன மாதிரியே ஒண்ணு விடாம சொல்ட்டேன்."

"இன்னா கேட்டாரு?"

"பெரியவன் எங்கன்னாரு. வேலையா போயிருந்தான், வந்துட்டான், இங்கதான் கீறான்னேன். அவனுக்கு இங்க வூடு கீதான்னாரு. இது யாரு வூடுன்னு நெனச்சே, அவன் வூடுதான்னேன். எங்க படுப்பான்னு வேற கேக்கறான்! ரூம காட்டினேன். மூட்டைய பாத்துட்டு ஒரு மாதிரி மூஞ்ச சுளிச்சான். அவன் வந்தா ஒரு நொடியில தூக்கி அந்தாண்ட போட்டுடுவோம், அவனுக்குன்னே வச்சிருக்கற ரூமுய்யான்னேன்."

"பேச்ச பத்தி கேட்டாரா?"

"அத மட்டும் கேக்கல. மறந்துட்டாரு போல. நானாவே சொன்னேன், தமிழுதாங்க பேசறோம்னு."

என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "உங்க பட்டியலு ஒரு காப்பி பெட்டியில இருந்துச்சே, அதயும் குடுத்து அனுப்பிட்டோம். பதினேழாவது பேர தொட்டுக் காமிச்சேன்."

நான் அம்மாவைப் பார்த்து, சபாஷ் என்றேன். நான்தான் சொன்னேன். இந்த வாய்தான். எந்த ஆபீஸ் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து அண்ணன் கையில் ஒரு கடிதத்தோடு வந்தான். திருப்பதி வருமான வரி ஆபீஸிலிருந்து வந்தது. இந்தியாவில் வீடு இல்லை என்று அவன் எழுதிக் கொடுத்தது பொய் என்று விசாரணையில் தெரிகிறது, நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தது. அன்று ஜீப்பில் வந்தவர் எல்லை விஷயமாக வந்தவர் இல்லை, வரி ஆபீஸ்காரர் என்று அப்போதுதான் புரிந்தது. அம்மா அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு, "உன் வூட்டுக்கு ஆபீசரு வந்தாருடா" என்று அவனிடமும் அந்தக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் சாப்பிடுவதை நிறுத்தாமல் கேட்டான். "நல்லா சொன்னம்மா" என்றான். வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டான்.

"வக்கீல் கிட்ட கேட்டுட்டேன். நீ ஒருத்தன் வந்து சொன்னா போதுமாம். வூடு உன்னுது. பாகப் பத்திரம் உங்கிட்ட கீது. பட்டியலு எல்லைக்காக எழுதினது, அதுல கீறது நெஜமில்லன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான்டா."

"வரேண்ணா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

திருப்பதிக்குப் போவதற்கு முந்தைய நாள் ரைஸ் மில்லுக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். தலைவர் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். சேதி எப்படியோ அவருக்குப் போயிருந்தது.

"போய் இன்னா சொல்லப் போற?"

சொன்னேன்.

"உனுக்கு புத்தி கெட்டுப் போச்சா வாத்தியாரே? ஒரு பேரு பொய்னு கவர்மெண்டு ஆபீஸ்ல கையெழுத்து போட்டேன்னு வச்சிக்க, அந்தாண்ட கட்சிக்காரன் அத தூக்கிக்கினு ஓடிடுவான். மொத்தப் பட்டியலும் பொய்ம்பான். ஊரே போச்சு. அப்பறம் பொய்ப் பட்டியலு எழுதின வாத்தியாருக்கு வேல இருக்குமா? நீயே ரோசன பண்ணு. உங்கண்ணனுக்கு போறது கொஞ்சம் காசுதான். சம்பாரிச்சிக்குவான்."

மறுநாள் செய்ததை ஊருக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை வருஷமாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஊருக்காக இல்லை. வேலை போய்விடுமே என்ற பயத்தில் செய்தேன். ஊர் அந்தப் பயத்துக்கு ஒரு நல்ல சட்டை, அவ்வளவுதான்.

திருப்பதி ஆபீஸில் அதிகாரி மரியாதையானவர். எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். தெலுங்கர், தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவார். என் பட்டியலை மேஜைமேல் விரித்து, என் பக்கம் திருப்பினார்.

"இதி மீரே கதா ராசிந்தி?" நீங்கள்தானே எழுதியது என்று கேட்டார்.

"ஆமா சார்."

எழுத்து ரொம்ப அழகு என்று தெலுங்கில் சொன்னார். பிறகு தமிழில், "இதுலெ எழுதினது நெஜமா?" என்றார்.

அண்ணன் என் பக்கத்து நாற்காலியில் இருந்தான். கொழும்பில் தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். என் பையில் பாகப் பத்திரம் இருந்தது. அதை எடுக்கவென்றுதான் மடிமேல் வைத்திருந்தேன்.

"நெஜம்தான் சார்" என்றேன்.

அதிகாரி உடனே எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா ஆலோசிச்சு சொல்லுங்க. உங்க அண்ணா இல்லேன்னு எழுதிக் குடுத்தாரு. நீங்க உண்டுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் நெஜமா இருக்க முடியாது. யாரோ ஒருத்தரு பொய்."

அந்த நல்ல மனுஷன் எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். அதையும் நான் உதைத்துத் தள்ளினேன். "எழுதினதுதான் சார் நெஜம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் காதைக் கொடுத்து, மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன்.

அண்ணனைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். "தம்பி சொல்றது தான் சார்" என்றான் அவன். எனக்கு வேலை போகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லை, சகோதரன் பொய் சொல்கிறான் என்று அந்நியர் முன்னால் சொல்ல வாய் வரவில்லையோ என்னவோ. நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

வெளியே வந்து ஆபீஸ் படியில் நின்றோம். நகரி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருவரிடம் விசாரித்து என்னிடம் சொன்னான். பிறகு, "பொய் சொன்னவன்னு எம்பேர எழுதிக்கினாரு, பாத்தியா?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். நான் பஸ் ஏறிவிட்டேன். படுபாவி, ஜன்னல் ஓர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

அந்த வருஷத்துக்கு மட்டும் வரி போட்டிருந்தால் தாங்கியிருப்பான். லீவில் வந்து போன வருஷங்களையும் தோண்டி எடுத்தார்கள். பொய் எழுதிக் கொடுத்ததற்காக அதற்கு மேலே அபராதம். மேல்முறையீடு செய்யலாம், தம்பி மட்டும் வந்து உண்மையைச் சொன்னால் இப்போதும் காரியம் ஆகும் என்று வக்கீல் சொன்னாராம். என்னை இரண்டாவது தரம் அவன் கேட்கவில்லை. கேட்காதது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஹோட்டலை வேறொருவன் எடுத்துக்கொண்டான். கொழும்பில் கல்லாவில் உட்கார்ந்து நாலு பேரை வேலை வாங்கியவன், திருச்சானூரில் ஒரு மெஸ்ஸில் இலை போடுகிறவனாகப் போனான். ஒரே அறையில் மூன்று பேர் வாடகைக்கு இருந்தார்கள். மகள் பள்ளிக்கூடத்தை விட்டு லாட்ஜுகளுக்குப் பூக்கட்டிக் கொடுத்தாள்.

எல்லை ஒரு வழியாகத் தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. நாங்கள் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டோம். எங்கள் பட்டியலை யாராவது பிரித்துப் படித்தார்களா என்பதுகூடத் தெரியாது. தலைவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றார்கள். மூன்றாவது நாள் மில் வாசலில் தெலுங்கில் புதுப் போர்டு மாட்டினார். அதை எழுதித் தரச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார். நானும் போய் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அவ்வளவுதான் ரோஷம்.

அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பெரியவன் ஏன் வருவதே இல்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வேலை என்பேன். ஒரு நாள், "அந்த ஆபீசரு கிட்ட நான் எதுனா தப்பா சொல்ட்டனாடா?" என்றாள். எப்படித்தான் அது அவள் நெஞ்சில் தைத்ததோ. இல்லம்மா, நல்லாத்தான் சொன்ன என்றேன். அவள் நம்பவில்லை. வேர்க்கடலை மூட்டைகளை ஆள் வைத்து வெளியே எடுக்கச் சொல்லி, அந்த அறையைக் கழுவி, பாய் விரித்து வைத்தாள். அந்தப் பாயில் யாரும் படுக்கவில்லை.

அவள் செத்தபோது அண்ணன் வந்தான். எங்கள் வழக்கத்தில் அம்மாவுக்கும் மூத்த பிள்ளைதான் கொள்ளி வைக்க வேண்டும். வைத்தான். காரியம் முடியும் வரை மூத்த பிள்ளை வீட்டை விட்டு வெளியே தங்கக் கூடாது. ஆனால் அவன் தினமும் சாயங்காலம் புத்தூருக்குப் போய்விட்டுக் காலையில் வந்தான். ஊர் ஒரு மாதிரியாகப் பேசியது. மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் அவன் கையைப் பிடித்தேன்.

"இன்னிக்கு ஒரு நாளாவது தங்குண்ணா. அம்மா அந்த ரூம உனக்காகத்தான் வச்சிருந்தா."

"வாணாம்டா," என்றான். "ஒரு நாள் தங்கினாலும் கணக்குல வரும்."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு பஸ் ஏறினான். காரியம் முடிந்ததற்கப்புறம் அவன் எங்கள் ஊருக்கு வரவில்லை.

சில வருஷங்கள் கழித்து, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் அவன் போய்விட்டான் என்று சேதி வந்தது. பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதே விழுந்துவிட்டானாம். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். உடம்பைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஃபாரத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். குமாஸ்தா என்னைப் பார்த்தார். படித்தவன் போல இருக்கிறாய், நீயே எழுது என்று ஃபாரத்தையும் பேனாவையும் நீட்டினார்.

பெயர் எழுதினேன். தகப்பன் பெயர் எழுதினேன். வயது எழுதினேன். எழுத்து பாகுந்தே, நன்றாக இருக்கிறதே என்றார் குமாஸ்தா, எட்டிப் பார்த்து. அடுத்த கட்டத்தில், நிரந்தர விலாசம் என்று இருந்தது.

பேனா அங்கேயே நின்றுவிட்டது. ஊர்ப் பெயரை எழுதலாமா? எங்கள் வீட்டு இலக்கத்தை எழுதினால் அவன் செத்தாவது வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குமே என்று ஒரு நப்பாசை. அண்ணி பக்கத்தில் போய்க் குனிந்து, "அண்ணி, நிரந்தர விலாசம்னு கேட்டுக்கீது, இன்னா எழுதட்டும்?" என்றேன்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். திருப்பதி ஆபீஸ் நாளிலிருந்து அன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வூடு இல்லன்னு எழுது," என்றாள். "அவரு அப்படித்தான எழுதிக் குடுத்தாரு."

எழுதினேன். அப்போதும் எழுத்து அச்சடித்த மாதிரிதான் விழுந்தது.